ஆளுநர் பெயர் இறங்கிய இடம்

என் அம்மாவுக்கு, உன் மகள் சால்கின் தலைவணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் அலுவலகத்திலிருந்து ஆளுநருக்கு அனுப்பும் கடிதத்தில் அவர் பெயரை மேலே வலது ஓரத்தில் வைக்க வேண்டும். அதற்கென்று கணினியில் ஒரு பொத்தான் இருப்பது தெரியாமல், இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டித் தள்ளியிருந்தேன். மேலாளர் தன் கணினியில் திறந்தபோது வரி உடைந்து, பெயர் இடது ஓரத்தில் கிடந்தது.

“ஏம்மா, விருந்துல கூடத்து நடுவுல உக்கார வேண்டிய மனுஷனைச் செருப்பு விடுற இடத்துல உக்கார வச்சிருக்கியே. உங்க வீட்ல இப்படித்தானா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மறுநாள் என் மேசையைக் கதவோரம் போட்டுவிட்டார்கள். கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு, காய்ந்த தயிர் உருண்டையும் கொஞ்சம்.

நம் நாரின் ஊருக்கு வரும் வண்டி கிளம்புகிறது, ஓட்டுநர் கடிதத்துக்குக் கை நீட்டுகிறார். பெருநாள் விருந்தில் யாரையும் கதவோரம் உட்கார வைக்காதே, அம்மா. அங்கே குளிரும்.

சால்கின்