பூசணிக்காய் தொங்கிய கொய்யாக் கன்று

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

பரமேஸ்வரன் எழுதுகிறேன். இங்கே நானும் உஷாவும் மகள் நித்யாவும் நலம். பெர்த்தில் உங்கள் தங்கை வீட்டில் குளிர் எப்படி? வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதை நீங்கள் படித்துவிடுகிறீர்கள் என்று நீலக் குறி சொல்கிறது. பதில்தான் வருவதில்லை. அதனால் கடிதம்.

முதலில் முக்கியமான செய்தி. அண்ணன் நினைவாகக் கோயிலுக்குப் பின்னால் நீங்கள் நட்ட கொய்யாக் கன்றைப் பிடுங்கவில்லை. பிடுங்கப் போகிறார்கள் என்று உங்களுக்குப் போன் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். "துக்க வீட்டுக் கையால வச்சது எதுவும் தழைக்காது" என்று சேர்த்துச் சொன்னதும் தெரியும். அடுத்த மாதம் அண்ணனின் முதல் திதிக்கு நீங்கள் ஏன் வரப்போவதில்லை என்பதையும் நாங்கள் கேட்காமலே புரிந்துகொண்டோம். ஆகவே கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கன்றில் ஒரு கிளை வாடியது. பிறகு காற்றில் முறிந்து விழுந்தது. முறிந்த இடம் கத்தி வைத்து வெட்டியதுபோல இருந்தது. தலைவர் வாசு சமையற்கட்டிலிருந்து தேங்காய்க் கத்தியைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. ஆகவே குற்றவாளி சொந்தக் கத்தியோடு வந்திருக்கிறான் என்று தீர்மானித்தார். "நம்ம கோயில் வளர்றது பிடிக்காதவன் வேலைலா இது" என்றார். கேமரா பொருத்தினோம். ஒரு வாரப் பதிவில், தலைவர் கேமராவைப் பார்க்க வந்து போவது மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

கோயிலில் சமையலும் துப்புரவும் பார்க்கும் பவுனம்மாள் அக்கா, இது கண்திருஷ்டி என்றார். குழு உடனே ஒரு பூசணிக்காயைக் கன்றில் கட்டித் தொங்கவிட்டது. மறுநாள் இன்னொரு கிளை பூசணிக்காயோடு கீழே கிடந்தது. திருஷ்டி எவ்வளவு கடுமையானது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. வெள்ளிக்கிழமை கன்றைப் பிடுங்குவதென்று முடிவானது. நான் ஒருவன் எதிர்த்தேன். ஒருவன் மட்டும் எதிர்த்தால் 'ஏகமனதாக' என்று எழுதுவது நம் குழுவின் வழக்கம்.

வியாழக்கிழமை செர்டாங் பல்கலைக்கழகத்திலிருந்து நித்யா வந்தாள். அவள் அங்கே விவசாயம் படிக்கச் சேர்ந்தபோது நம் ஆட்கள் பேசியது நினைவிருக்கும். "ரப்பர் தோட்டத்த விட்டு வெளிய வர நமக்கு மூணு தலைமுறை ஆச்சு. இது காசு கட்டி உள்ள போகுது!" சிரித்தவர்களில் வாசுவும் ஒருவர். அண்ணன்தான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் விட்டார். நீங்கள் வழியில் சாப்பிட மீகூன் கட்டிக் கொடுத்தீர்கள்.

கன்றின் அடியில் உட்கார்ந்து பார்த்தவள் கேட்ட முதல் கேள்வி, "இங்க டெய்லி யாரு கூட்டுறது?"

"நான்தான்மா. ஒரு தூசு பாக்க முடியாது" என்றார் பவுனம்மாள் அக்கா.

"நாளைக்கு ஒரு நாள் கூட்டாதீங்க ஆன்டி."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஆனால் கூட்டவில்லை. வெள்ளிக்கிழமை காலை, பிடுங்குவதற்கு மண்வெட்டியோடு வந்த குழுவுக்கு நித்யா தரையைக் காட்டினாள். ஜவ்வரிசி அளவில் மரத்தூள் உருண்டைகள் சிதறிக் கிடந்தன. அவற்றுக்கு நேர் மேலே, வாடத் தொடங்கியிருந்த மூன்றாவது கிளையில், ஒரு சின்னத் துளை. அதற்குக் கீழே கிளையை வெட்டி, அதே தேங்காய்க் கத்தியால் நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே விரல் நீளத்தில் ஒரு சிவப்புப் புழு. பட்டைக்கு அடியில் கிளையைச் சுற்றி வளையம் போட்டதுபோலக் கடித்து வைத்திருந்தது. கிளை வெட்டியதுபோல முறிவதற்கு அதுதான் காரணமாம்.

"ஆள் உள்ளதான் இருந்திருக்கான் அங்கிள். நீங்க கேமராவ வெளிய வச்சிட்டீங்க" என்றாள்.

நான் மகளைப் புகழ்கிறவன் அல்ல. அந்த நேரத்தில் என் சட்டை சற்று இறுக்கமாகத் தெரிந்தது. துவைத்ததில் சுருங்கியிருக்கலாம்.

மற்றக் கிளைகளையும் தண்டையும் அவள் தடவித் தடவிப் பார்த்தாள். சுத்தம் என்றாள். இரண்டு வாரம் ஆகிவிட்டது; இப்போது வெட்டிய இடத்துக்குக் கீழே துளிர் வந்திருக்கிறது. உங்களுக்குப் போன் செய்தவர்தான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். பெயரை எழுத மாட்டேன். ஊற்றிவிட்டு, கன்றின் அடியைக் கூட்டுவதற்கு முன் குனிந்து நன்றாகப் பார்க்கிறார் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நித்யாவுக்குப் பொன்னாடை போர்த்தக் குழு முடிவு செய்தது. கேமராவுக்காகத் தலைவருக்கும் ஒன்று. அவர் அன்றே வாங்கிக்கொண்டார். இவள் மறுத்துவிட்டாள். "பெரியம்மா வச்ச மரம். அவங்க கையால போட்டாத்தான்" என்றாள். அவங்கதான் வரலியேமா என்றார் வாசு. "திதிக்கு வருவாங்க அங்கிள்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

அண்ணி, என் மகள் ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்கிறவள் அல்ல என்று இப்போதுதான் நம் ஆட்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் நிலைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

விமான நிலையத்துக்கு நாங்கள் மூவரும் வருவோம்.

உங்கள் கொழுந்தன்,
பரமேஸ்வரன்