தட்டு வாங்கியவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள், பேசினால் அழுதுவிடுவேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

போன வருடம் ஆபீஸ் கிறிஸ்துமஸ் பார்ட்டியில் மேனேஜர் சாப்பிட்ட தட்டோடு நின்றார். வீட்டில் உங்களிடம் வாங்குகிற பழக்கத்தில் சட்டென்று வாங்கிவிட்டேன். உடனே ஆறு பேர் நீட்டினார்கள். இந்த வருடப் பார்ட்டிக்கான பட்டியலில் மற்றவர்களுக்கு ஆட்டம், பாட்டு. என் பெயருக்கு நேரே, ‘தட்டு எடுப்பது’.

“நீதான் அழகா எடுக்கிறியே. வரலைன்னா யாரோடயும் ஒட்டமாட்டேங்கிறான்னு மேலே எழுதிடுவேன்” என்று மேனேஜர் சிரிக்கிறார். அவருடைய அறிக்கையில் பிழை திருத்துவதே நான்தான். எழுதட்டும், நான் போகப்போவதில்லை.

அம்மாவிடம் சொல்லவேண்டாம். என் பழைய போர்வையை அனுப்புங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, “அனுசரிச்சுப் போம்மா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.