ரெண்டில எது பொங்கினது

உருத்திரபுரம்.

அன்பு மருமகள் யதுர்ஷிகாவுக்கு,

இதெல்லாம் நடக்குமெண்டு உன்ர மாமா அப்பவே சொன்னவன், சொல்லேல்லையெண்டு ஊரில ஒருத்தரும் சொல்லேலாது. இங்க நானும் வயலும் சுகம், உன்ர அம்மா மட்டும் சுகமில்லை. நீயாவது சுகமாயிருக்கவேணுமெண்டு சிவனை மன்றாடுறன்.

நீ அங்க அணுக்களை வெளிச்சத்தால கட்டிப்போட்டு ஒண்டோடொண்டு பின்ன வைச்சிட்டியாம், பேப்பரில படம் வந்திருக்கு. சின்னனில நீ லாம்பு வைச்சு ஈசல் பிடிக்கேக்க, இவள் ஒருநாள் கண்ணுக்குத் தெரியாததையும் பிடிப்பாள் எண்டு சொன்னது நான்தான். பரந்தன் சந்தியில இதை நான் விளங்கப்படுத்தேக்க சனம் வந்த பஸ்ஸையும் விட்டுட்டு நிண்டு கேட்டது. ஐயாத்துரை வாத்தியார், எட்டாம் வகுப்புத் தாண்டாத உமக்கு உதெல்லாம் ஆர் சொன்னது எண்டு நக்கலடிச்சார். என்ர மருமகள் எண்டன், மனிசன் அடுத்த பஸ்ஸில ஏறிப் போயிட்டார். நீ போன வருசம் சொன்னதை அப்பிடியே சொன்னனான்: பக்கத்துப் பக்கத்தில ரெண்டு அணு, லேசரை அடிச்சால் ஒண்டுதான் வீங்கிப் பொங்கும், பொங்கினது மற்றதைப் பொங்க விடாது, எது பொங்கினதெண்டு மெசினுக்கும் தெரியாது, அந்தத் தெரியாமையிலதான் ரெண்டும் ஒண்டாகுது. பிள்ளை, எங்கட வீட்டிலயும் அதுதான் நடக்குது. உன்ர அப்பான்ர திவசத்துக்கு நீ வரேல்லை, ஆராய்ச்சியை இடையில விடேலாது எண்டாய். எனக்குப் பிள்ளையே இல்லையெண்டு அம்மா போனை வைச்சவா. ஆர் முதல் பொங்கினது எண்டு நான் கேக்கேல்லை. ஆனால் அவான்ர இருதய வால்வு பழுதாப்போச்சு, இந்த மாதத்துக்குள்ள ஒப்பரேசன் செய்யாட்டித் தப்பமாட்டா எண்டு டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுச் சொன்னவர். அவா ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைக்கமாட்டனெண்டு குசினிக்குள்ள அடுப்புக்குப் பக்கத்தில சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. கத்திப் பாத்தன், தங்கச்சியெண்டும் பாக்காமல் காலிலயும் விழுந்தன். நேற்றுத்தான் வாயைத் திறந்து, யது ஒரு சொல்லுக் கதைச்சால் வைக்கிறன் எண்டவா. நீ என்ர போனையும் எடுக்கிறாயில்லை, அதாலதான் அங்க வாற, சந்தியில கடை வைச்சிருக்கிற ஜவாஹிர் நானான்ர மகன் றிபாஸிட்ட இதைக் குடுத்துவிடுறன். கையில கிடைச்ச உடனை, சாப்பிட முன்னம், அம்மாவுக்கு எடு. மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம், குரல் கேட்டால் போதும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீ தொடுறதெல்லாம் துலங்கவேணும் பிள்ளை. எடுக்க மறக்காதை.

உன்ர மாமா,
தங்கராசா

பி.கு: வால்வும் டொக்டர் சொன்னதும் சத்தியம். யது கதைச்சால் வைக்கிறன் எண்டு அவா சொன்னது மட்டும் நான் சோடிச்சது. அவா உன்ர பேரே எடுக்கேல்லை. அங்க இப்ப விடிஞ்சிருக்குமோ எண்டு மட்டும் கேட்டவா.