தொட்டிக்குள் போன காற்று

அம்மா,

இன்று எண்ணூர் பஸ்ஸில் அந்த உரக் கம்பெனி நெடி வந்தது. மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கவைக்கும் அதே நெடி. பெண்கள் பேச்சை நிறுத்தாமலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் எல்லாக் கைகளும் இறங்கின. எனக்கு உன் மீன்தொட்டி நினைவுக்கு வந்தது.

அப்பா கடலுக்குப் போய்ப் பிழைத்த வீட்டில் நீ கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தாய். "கொழம்புல போடறத தொட்டில வுட்டு வேடிக்க பாக்குது பாரு" என்று தெருவே சிரித்தது. நீ கண்டுகொள்ளவில்லை. அப்பா போன பிறகு அந்த மீன்கள்தான் உனக்குப் பேச்சுத்துணை. ஜன்னலை ஒட்டி உன் கட்டில், அதை ஒட்டித் தொட்டி, ஜன்னல் மேடையில் தண்ணீருக்குள் காற்று ஊதும் சின்ன மோட்டார்.

ஒருநாள் காலையில் போன் செய்தாய். "எல்லாம் பூடுச்சுடி. ஒண்ணு கூட இல்ல."

எம்.கே.பி. நகரில் என் வீட்டிலிருந்து ஓடிவந்தேன். தங்க மீன், ஏஞ்சல், எல்லாம் வாய் பிளந்து மேலே மிதந்தன. செவுள்கள் தீப்பட்டதுபோல் சிவந்திருந்தன. முந்தின சாயங்காலம் தீனிக்கு முட்டி மோதிக்கொண்டவை.

லாரித் தண்ணீரில் பிளீச்சிங் கூடிவிட்டதா என்று கேட்டேன். அந்த வாரம் தண்ணீரே மாற்றவில்லை என்றாய். ஏதாவது நோயா என்றேன். "நோவுன்னா ஒண்ணொண்ணா சாவும். அல்லாம் ஒரே நேரத்துல சாவுமா?"

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொளத்தூருக்குக் கொண்டுபோனோம். வளர்ப்பு மீன் கடைக்காரர் மருந்துச் சொட்டு விட்டதும் அது கரும்பச்சையாக மாறியது. "அமோனியாக்கா. தீனிய அள்ளிக் கொட்டி அது அழுவினாதான் இவ்ளோ ஏறும்" என்றார். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு சிட்டிக போடுவேன். அதையும் உடனே துன்னுடும். அழுவறதுக்கு இன்னா கீது?"

வீட்டுக்கு வந்தபோது சமையலறை பேசினில் நீ தனியாக விட்டிருந்த கப்பி மீன் குஞ்சுகள் உயிரோடு நீந்துவதைக் கவனித்தேன். "இதுங்க மட்டும் எப்படிம்மா பொழச்சுதுங்க?"

நீ குனிந்து அந்தக் குஞ்சுகளைப் பார்த்தாய். பிறகு ஹாலுக்குப் போய், தொட்டியிலிருந்து மோட்டார் வரை காற்று போகும் ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனாய். ஜன்னலில் விரல் நின்றது.

"அங்க தண்ணி இதான். தீனியும் இதான். டியூப்புதான் இல்ல."

மீன்கள் செத்த அன்று விடியற்காலை நெடி தாங்காமல் நீ போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறாய். மோட்டாருக்குப் போர்வை ஏது? ஜன்னல் வழியே கம்பெனிக்காரன் அனுப்பியதையெல்லாம் உறிஞ்சித் தொட்டிக்குள் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறது.

பாட்டிலையும் செத்த மீன்களையும் கவரில் போட்டுக்கொண்டு புகார் சொல்ல மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போனாய். அங்கிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தொட்டி மீன் செத்ததுக்கெல்லாம் கம்ப்ளைன்ட் எடுக்க முடியாதும்மா. பராமரிக்கத் தெரியலன்னா வளக்காதீங்க." பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார்.

"சார், அது உள்ள போன காத்ததான் நானும் இஸ்துகினு கீறேன். என்னிய யாரு பாக்கறது?"

சிரிப்பு நின்றது. அவ்வளவுதான். "மொதல்ல அந்தக் கவரை எடுத்துட்டுப் போங்க, நாறுது" என்றார் அவர். நாற்றம் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மோட்டாரைச் சமையலறைக்கு மாற்றி, நீளமாகக் குழாய் இழுத்தோம். புதிதாக வாங்கி விட்ட மீன்கள் பிழைத்துக்கொண்டன. உன் கட்டில் மட்டும் ஜன்னலோரமே கிடந்தது. என் வீட்டுக்கு வா என்று எத்தனை முறை சண்டை போட்டேன்!

"நான் இன்னாத்துக்குடி போவணும்? நாறடிக்கிறவன் போவட்டும்."

அன்று அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். இன்று அதை நினைத்தால் உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. அவன் போகவில்லையே அம்மா. நீதானே போனாய். முதலில் இருமல். மழைக்காலத்துக்குள் ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் நின்று மூச்சு வாங்கினாய். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாட்டிய மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டு, மீனுக்குத் தீனி போட்டேனா என்று சைகையில் கேட்டாய். போட்டேன் என்று தலையாட்டினேன். அதற்கப்புறம் நீ எதுவும் கேட்கவில்லை.

சாவு வீட்டில் சித்தி சொன்னாள்: "வயசாயிடுச்சு, இன்னா பண்றது? ரொம்ப இஸ்துகினு கெடக்காம போய்ச் சேந்துச்சு." வந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். உனக்கு அறுபதுகூட முடியவில்லை. மாதா கோயிலில் சாமியாரும் ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்றார். நான் பாதி ஜெபத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நாளாக ஆக மனசு ஆறிவிடும் என்கிறார்கள். ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. போன வாரம் என் மகள், "ஆயாவுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றாள். வயசாயிடுச்சு என்று சொல்லிவிட்டு அவளை விளையாட அனுப்பியிருக்கலாம். பக்கத்தில் உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.