நாலாவது ஆள்

பிரிக்பீல்ட்ஸ்
3 ஜூன் 2025

அன்புள்ள தனத்துக்கு,

அமுதவள்ளி எழுதுகிறேன். உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்தாயே, அதுவே பெரிது. உன் முகவரியை மெல்பர்னிலிருந்து நம் சிவமலர் அனுப்பினாள். போன் எண்ணையும் சேர்த்துத்தான் அனுப்பினாள். இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிட்டால் என்ன செய்வது? கடிதமென்றால் கோபத்தோடாவது கடைசிவரை படிப்பாய்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோலகுபுபாருவுக்குப் போக வேண்டும். மலைக்கு நடுவில் அந்த ஆற்றங்கரைக்கு, என் தங்கை மாதவியைப் பறிகொடுத்த இடத்துக்கு. முப்பத்துநான்கு வருஷமாக அந்தத் திசையில் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. அம்மா இருந்தவரை அந்த ஊர்ப் பெயரை வீட்டில் யாரும் எடுக்க முடியாது. அம்மா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, போன மாதம் திதி கொடுத்தோம். வருஷம் திரும்பாமல் மலைப்பக்கம் எங்கேயும் போகக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். இனித் தடையில்லை. நீயும் என்னோடு வர வேண்டும்.

ஜூலை 19, சனிக்கிழமை என்று நினைத்திருக்கிறேன். நீ கிள்ளானில் ஏறினால் வண்டி மாற வேண்டியதில்லை, அதே ரயில் கோலகுபுபாரு வழியாகத் தஞ்சோங் மாலிம் வரை போகிறது. நடுவில் பெண்கள் பெட்டி இருக்கும், அதில் உட்கார்ந்துகொள். நான் கேஎல் சென்ட்ரலில் ஏறி உன்னைத் தேடிக்கொள்கிறேன். கோலகுபுபாருவில் இறங்கினால் கிராப் கார் கிடைப்பது சந்தேகமாம், ஒரு டாக்சியை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மதியத்துக்குப் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் நான் கட்டிக்கொண்டு வருகிறேன். உனக்கு இனிப்பு நீர் வியாதி உண்டா? உருளைக்கிழங்கு ஆகாது என்றால் வேறு ஏதாவது செய்கிறேன்.

வரமாட்டேன் என்றாலும் இரண்டு வரி எழுதிவிடு, தனம்.

அன்புடன்,
அமுதா


கிள்ளான்
11 ஜூன் 2025

அன்புள்ள அமுதாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு நாள் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். மருமகள் எடுத்துப் பார்த்துவிட்டு, “இந்தக் காலத்துல யாரு லா லெட்டர் எழுதுறது? பேங்க்காரனா அத்தை?” என்றாள். பழைய சிநேகிதி என்றேன். சொல்லும்போது எனக்கே நாக்கு தடுமாறியது.

கையெழுத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வந்தது. பெட்டாலிங் ஜெயா ஃபேக்டரியில் ஓவர்டைம் ஃபாரத்தில் கோழி கிண்டினாற்போல் எழுதுவாயே, அது மாறவே இல்லை. அன்றைக்கும் நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இனிப்பு நீர் இருக்கிறது. இடது முழங்கால் பாதி போய்விட்டது. புளிச்சோறு சாப்பிடுவேன், கொஞ்சமாகக் கட்டு. ஆனால் உன் திட்டத்தில் ஓட்டை அதிகம். மலையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டுக்குள் ஆற்றைவிட்டு மேலே வந்துவிட வேண்டும், அதனால் முதல் ரயிலையே பிடிக்க வேண்டும். ஆற்றுப் பக்கம் கழிப்பறை கிடையாது, டவுனிலேயே போய்விட்டு வர வேண்டும். செருப்பு உதவாது. எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் போடுகிற கருப்பு ரப்பர் சப்பாத்துதான் பாறையில் வழுக்காது. அணை கட்டிய பிறகு பாதிப் பள்ளத்தாக்கு தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. நாம் உட்கார்ந்த இடம் அணைக்கு மேலே, அது அப்படியே இருக்கிறது. பச்சைப் பசேலென்று, பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். ஆகஸ்டில் மாதவி போன நாளன்று வருஷம் தவறாமல் போகிறேன். ஒரு முழம் பூ வைத்துவிட்டு வருவேன். போன இரண்டு வருஷம் கால் வலியில் இறங்க முடியவில்லை, பாலத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏன் இப்போது? அதுவும் ஏன் என்னோடு? அதற்குப் பதில் எழுது, பிறகு வருகிறேனா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
தனம்


பிரிக்பீல்ட்ஸ்
17 ஜூன் 2025

அன்புள்ள தனம்,

வருஷம் தவறாமல் நீ போகிறாய் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கூடப் பிறந்தவள் நான் இங்கே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நீ சொன்னபடியே எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ரப்பர் சப்பாத்து வாங்கிவிட்டேன். என் மகன் பிரவின் பார்த்துவிட்டு, “அம்மா, எஸ்டேட்ல வேலை கெடைச்சிருச்சா?” என்று ஒரு நாள் முழுக்கச் சிரித்தான். வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை போகலாமாம், ஆனால் தண்ணீர் கலங்கியிருந்தால் இறங்க விடமாட்டார்களாம். ஒரு மாற்றுத்துணி, இரண்டு மழைக்கோட்டு, உன் முழங்காலுக்குத் தைலம், எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் பையைக் கட்டிவிட்டேன் பார்.

இன்னொரு நல்ல செய்தி. ரயிலே வேண்டாம். உன் காலைப் பற்றிச் சொன்னதும் பிரவின், “நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்மா, ஆன்டிய வீட்டு வாசல்லயே ஏத்திக்கலாம்” என்றான். அவன் இருப்பது பூச்சோங்கில். அங்கிருந்து கிள்ளானுக்கு வந்து, மறுபடி வடக்கே போவது பெரிய சுற்று. பரவாயில்லை என்கிறான். ஆனால் அப்படிப் போனால் மூன்று பேராக ஆகிவிடுவோம். மூன்று பேராகக் கிளம்பக்கூடாது என்பதை இந்த வயதிலும் என்னால் விட முடியவில்லை. அதனால் அவன் மனைவியையும் கூப்பிட்டிருக்கிறேன். அவளுக்கு அன்றைக்கு ஏதோ வகுப்பு இருக்கிறதாம், மாட்டேன் என்றுதான் சொன்னாள். நான் விடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டாள். இப்போது நாலு பேர்.

நீ கேட்டதற்குப் பதில் நேரில் சொல்கிறேன். ஆற்றங்கரையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது அது.

அன்புடன்,
அமுதா


கிள்ளான்
21 ஜூன் 2025

அமுதா,

உன் மருமகளை விட்டுவிடு. அந்தப் பெண் வகுப்புக்குப் போகட்டும்.

இதை எழுதும்போது உனக்குப் பழைய கதை ஒன்றுமே நினைவு வரவில்லையா? நாலு பேர் என்று எழுதியிருக்கிறாய். அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஃபேக்டரி கேன்டீன் உனக்கு மறந்திருக்காது. சிவமலருக்கு அந்த வாரம் வேறு ஷிப்ட். நீயும் நானும்தான் பேசினோம். சிவமலரோடு மூன்று பேராக ஆற்றுக்குப் போகிறோம் என்று வீட்டில் சொன்னதற்கு என் அம்மா, “மூணு பேராவா? பையில ஒரு கல்லப் போட்டுக்குங்க, அதுதான் நாலாவது ஆளு” என்றதை உன்னிடம் சொன்னேன். எல்லா வீட்டிலும் செய்கிற சங்கதிதான். நானே கல் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன்.

அதற்கு நீ என்ன சொன்னாய்? நான் எழுதப்போவதில்லை, நீ எழுது. அதன் பிறகு உன் அம்மாவிடம் என்னை யார் அனுப்பினார்கள் என்பதையும் எழுது. ஆற்றங்கரைவரை போக வேண்டியதில்லை. வீட்டில் மேசையில் உட்கார்ந்து எழுது.

தனலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்
30 ஜூன் 2025

தனம்,

நாலைந்து தாள் கிழித்தாகிவிட்டது. இதை எப்படியும் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நீ கல் கொண்டுவருகிறேன் என்றாய். நான், “கல்ல எதுக்குடி சுமக்கணும்? வீட்டுல மாதவி சும்மாதானே இருக்கா, அவ வரட்டும்” என்றேன். அவளுக்கு விருப்பமா என்று கேட்கச் சொன்னாய். விருப்பமில்லை. டைப்பிங் வகுப்பு இருக்கிறது என்றாள். என் நீலச் சுடிதாரைத் தருகிறேன் என்று ஆசை காட்டி இழுத்தேன். பதினெட்டு வயது, சுடிதாருக்கு மயங்கிவிட்டாள்.

அம்மாவிடம் நான் கேட்டால் விடமாட்டாள். உன்மேல் அவளுக்கு நம்பிக்கை. “நீ வந்து கேளு தனம், நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத” என்று உன்னை அனுப்பியது நான்தான். நீ வந்து, மூன்று பேராகப் போகக்கூடாதாம், மாதவியைக் கூட்டிப்போகிறேன், பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னாய். அம்மா உடனே சரி என்றாள்.

சாப்பிட்ட தூக்குச்சட்டியைக் கழுவத்தான் மாதவி தண்ணீரில் இறங்கினாள். நமக்கு மேலே நல்ல வெயில். எங்கேயோ மலையில் பெய்த மழை ஒரே மூச்சில் வெள்ளமாக வந்துவிட்டது. மூன்றாம் நாள் கிடைத்தாள்.

சாவு வீட்டில் அம்மா உன்னைப் பார்த்து, “நீதானே வந்து கேட்ட! பத்திரமா கொண்டாறேன்னு சொன்னியே, எங்கேடி என் பிள்ள?” என்று மாரில் அடித்துக்கொண்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு கருமாதி முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு சொல்லவே இல்லை. சிவமலர் கல்யாணத்தில், “இவ உட்கார்ந்த பந்தியில நான் உட்காரமாட்டேன்” என்று அம்மா சத்தம் போட்டபோது நீ இலையை விட்டு எழுந்து போனாய். நான் அடுத்த இலையில் இருந்தேன், தனம். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே மகள் நான். என்னையும் வெறுத்துவிடுவாளோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் உன்னைப் பலி கொடுத்துவிட்டேன். இதைச் சொல்லத்தான் உன்னை அங்கே கூப்பிட்டேன். மாதவி போன இடத்தில் உன் காலில் விழ வேண்டும் என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடு.

மருமகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரவினும் வேண்டாம். ரயிலிலேயே போகலாம், நீயும் நானும் மட்டும். வருவாயா?

அமுதா


கிள்ளான்
8 ஜூலை 2025

அமுதா,

நீ எழுதியதில் ஒன்றும் தவறில்லை. இத்தனை வருஷத்தில் சில நாள் எனக்கே சந்தேகம் வந்ததுண்டு, ஒருவேளை மாதவியைக் கூப்பிட்டது நான்தானோ என்று. ஊரே ஒன்றைச் சொன்னால் நாமும் நம்பத் தொடங்கிவிடுகிறோம். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டாய். அதற்கு நன்றி. குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

ஆனால் நான் வரவில்லை.

முழங்கால் காரணமில்லை. போன வருஷம் உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தேன். நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா என்னைக் கண்டதும், “அவளப் போகச் சொல்லு அமுதா” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு நல்ல நினைவு இருந்தது, காது கேட்டது, அறையில் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை போதும். நீ தலை நிமிரவில்லை. சுளையில் ஒட்டியிருந்த நாரை எடுத்துக்கொண்டிருந்தாய். அதுவரைக்கும் நான் உனக்காகக் காத்திருந்தேன், அமுதா. அன்றைக்கு லிஃப்டில் இறங்கும்போது விட்டுவிட்டேன்.

நீ என் காலில் விழுவதால் எனக்கு ஆவது ஒன்றுமில்லை. உன் அம்மா ஒரு தடவை, “தனம், சாப்பிட்டியா?” என்று பழைய மாதிரி கேட்டிருந்தால் போதும். அவர் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்! அதைக் கேட்க ஆசைப்பட்டுத்தான் அவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அவர் கண்ணை மூடி, திதியும் கொடுத்து முடித்த பிறகு, கேட்க ஆளில்லாத இடத்தில் வைத்து உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தாய். அந்த ஆறு என்னை ஒரு நாளும் ஏசியதில்லையே. மாதவியும் ஏசியிருக்கமாட்டாள். ஏசியவர்கள் உன் வீட்டில் இருந்தார்கள். உன் அண்ணன் இன்னும் இருக்கிறார். அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், நான் கேட்கப்போவதில்லை.

உன்மேல் பாசம் இல்லாமல் போகவில்லை. இருந்தும் உன் பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட என்னால் முடியாது.

நீ மட்டும் கட்டாயம் போய் வா. உன் தங்கை, நீ போக வேண்டாமா? ஆகஸ்டில் அவள் நாளன்று நான் வழக்கம்போல் போவேன், அன்றைக்கு மட்டும் நீ வராதே. பாலத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு பாதை இறங்கும். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் தட்டையான பாறை இருக்கும், அதில்தான் நான் பூ வைப்பேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஸ்டேஷனிலிருந்து போக கார்த்திகேசு என்று ஒரு டாக்சிக்காரர் இருக்கிறார், அவர் எண்ணைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நல்ல மனுஷன், நீ மேலே வரும்வரை காத்திருப்பார். மாதவியைப் பற்றி அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் பூவோடு வருகிற நான் அவளுக்கு யார் என்று ஒருமுறை கேட்டார். அக்கா என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே அக்காதான் என்றும் சொன்னேன். உன்னை யார் என்று கேட்பார். என்ன சொல்வது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

தனலெட்சுமி