விழுந்த கூடாரம்

மாசி மாதம், வெள்ளிக்கிழமை

படுத்துப் பார்த்தேன், நித்திரை வரவில்லை.

இன்று பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி. நான் சிவப்பு இல்லத்தின் பொறுப்பாசிரியை. ஓட்டங்கள் முடிந்தபோது நாங்களும் நீல இல்லமும் சமமாக நின்றோம். இல்லக் கூடாரங்களின் அலங்காரத்துக்கான புள்ளிகள் மட்டுந்தான் மிச்சம். கிண்ணம் எங்கள் கைக்கு வந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன.

அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. நீல இல்லத்தார் ஒரு கிழமையாகப் பாடுபட்டுக் கட்டிய பனையோலைக் கோபுரம் கூடாரத்தோடு சரிந்தது. எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எழுந்ததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் என் பிள்ளைகளைக் காணவில்லை. எல்லோரும் நீல இல்லத்தின் கூடாரத் தடிகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் வாசலில் கட்டிய தோரணங்களையும் அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"துவாரகா, எங்கடை கூடாரத்துக்கு வாங்கோ. நடுவர்மார் வரப்போகினம்," என்று எங்கள் இல்லத் தலைவியைக் கூப்பிட்டேன்.

அவள் பிடித்த தடியை விடவில்லை. "விழுந்து கிடக்கிற கூடாரத்தை வெண்டு எங்களுக்கு என்ன ரீச்சர்?"

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வது போலவும் இல்லை. நானும் அப்படித்தான் நினைப்பேன் என்று நம்பிச் சொன்னாள்.

நடுவர்மார் வந்தபோது கோபுரம் எங்கள் தோரணங்களோடு மறுபடி நிமிர்ந்து நின்றது. அலங்காரத்தில் நீல இல்லத்துக்கு முதலிடம், கிண்ணமும் அவர்களுக்கே. என் பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் பிந்திக் கை தட்டினேன்.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குக் குடியியல் பாடம் படிப்பிக்க வேண்டும். எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆனாலும் அவளைப் பார்க்கத் திங்கள் எப்போது விடியும் என்றிருக்கிறது.