ஆனைமலைக்கு இனி போக வேண்டியதில்லை

செவ்வாய் இரவு, போத்தனூர்.

ஆனைமலை நார் மில்லில் லாரி எடை போடும் என் சாஃப்ட்வேரை இன்று மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். பழையது பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. அது ஓட வேண்டுமானால் அந்தக் கம்ப்யூட்டரில் பைத்தானும் இருக்க வேண்டும். ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா, இடத்தை அடைக்கிறதென்று அதை அழித்துவிடுவார். உடனே போன் வரும்.

"ஏனுங்க தம்பி, தேவையில்லாததுன்னு எதையோ எடுத்துப்போட்டேனுங்க. இப்ப தொறக்கவே மாட்டேங்குதுங்க."

திட்டிக்கொண்டே பஸ் ஏறுவேன். சரிசெய்து முடிக்க மதியமாகிவிடும். அக்கா தன் டிபன் பாக்ஸைத் திறந்து, அரிசிம்பருப்புச் சோற்றில் பாதியை எனக்கு வைப்பார்.

போன தடவை வந்த எரிச்சலில் எல்லாவற்றையும் 'கோ' என்ற வேறொரு மொழியில் புதிதாக எழுதினேன். கம்பைல் செய்தால் ஒரே ஃபைல். கூட வேறெதுவும் வேண்டாம். இன்று பென்டிரைவிலிருந்து அதைப் போட்டேன். தட்டியதும் திறந்துகொண்டது. சாப்பாட்டு வேளைக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அதுவரை அங்கே உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

"இனிமே உங்களுக்கு அலைச்சல் இல்லீங்க தம்பி" என்றார் அக்கா, எனக்காகச் சந்தோஷப்பட்டு.

"ஆமாங்க்கா" என்றேன். அதற்குப் பிறகு இன்று யாரிடமும் பேசவில்லை.

வேலை சுத்தம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போனைத் தலைமாட்டில் வைத்து, சத்தத்தைக் கூட்டியிருக்கிறேன். தேவையில்லாதது என்று அந்த ஒரு ஃபைலையும் அக்கா அழித்துவிட மாட்டாரா?